‘எய் பெக்குவத்!’: லாத்வியர்கள் ஏன் காளான் பறிக்கப் போகச் சொல்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாத்வியாவின் தலைநகர் ரீகாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் தமிழர்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு தொடரைச் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: ‘எய் பெக்குவத்!’ அகராதியில் பார்த்தால் ‘போய்க் காளான் பறி’ என்று இருக்கும். சொன்னவர் முகத்தைப் பார்த்தால் அவர் காளானைப் பற்றிப் பேசவில்லை என்று புரியும். லாத்விய மொழி கற்கத் தொடங்கியவர்கள் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் மொழியைப் பற்றியவை, மீதி காட்டைப் பற்றியவை. ஒன்றை விட்டு மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

‘எய் பெக்குவத்’ என்றால் சரியாக என்ன பொருள்?

‘என்னை விடு’, ‘தொல்லை பண்ணாதே’, ‘போய் வேலையைப் பாரு’. மூன்றாவதுதான் மிகவும் பொருந்தும். ‘போய் வேலையைப் பாரு’ என்று நாம் சொல்லும்போது குறிப்பிட்ட எந்த வேலையையும் மனத்தில் வைத்துச் சொல்வதில்லை. எதிரில் நிற்பவர் நகர வேண்டும், அல்லது அந்தப் பேச்சு அத்துடன் நிற்க வேண்டும், அவ்வளவுதான். லாத்வியர்களும் அப்படியே. காளான் அங்கே பேருக்குத்தான் வருகிறது.

எப்படி உச்சரிப்பது?

‘எய்’ நமக்குச் சுலபம். இரண்டாவது சொல்லில்தான் கவனம் வேண்டும். முதல் எழுத்து ‘பாட்டி’யில் வரும் ப அல்ல, ‘தம்பி’ என்னும்போது நடுவில் வரும் ஒலி. அதற்கு அடுத்த எகரத்தை வாயை நன்றாக அகட்டிச் சொல்ல வேண்டும், ஏறக்குறைய ஆகாரத்தைத் தொடுகிற அளவுக்கு. கடைசி அசையின் உயிரொலியை அவர்கள் ஒரே ஓ எழுத்தால் எழுதுவார்கள், ஆனால் ஒலிப்பது ‘உவ’ என்று. லாத்வியாவின் சொந்தச் சொற்களில் ஓ எழுத்து பெரும்பாலும் இப்படித்தான் ஒலிக்கும். வெளியிலிருந்து வந்த ‘ஓபரா’ போன்ற சொற்களில் மட்டும் சாதாரண ஒகரம்.

அழுத்தம் எப்போதும் முதல் அசையில். இந்த மொழியில் அநேகமாக எல்லாச் சொற்களுக்கும் இதே விதிதான், எனவே ஒருமுறை பழகிவிட்டால் கவலை இல்லை.

பெக்கா என்பது எந்தக் காளான்?

குடையின் அடியில் மெல்லிய மடிப்புகளுக்குப் பதிலாகப் பஞ்சுபோல நுண்துளைகள் இருக்கும் ஒரு கூட்டம் உண்டு. அதற்குப் பொதுப்பெயர் பெக்கா, பன்மையில் பெக்காஸ். தடித்த காம்பு, கனத்த தலை, கையில் எடுத்தால் நல்ல எடை.

இவற்றில் பலவற்றுக்கு மரத்தின் பெயரையே முன்னால் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆஸ்பென் மரத்தடியில் செம்மஞ்சள் தலையோடு வருவது அப்ஷு பெக்கா. பிர்ச் மரத்தடியில் பழுப்புத் தலையோடு வருவது பேர்ஸு பெக்கா. இந்தக் காளான்களின் நுண்ணிழைகள் மரத்தின் வேர்நுனிகளைச் சுற்றிக்கொண்டு மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் மரத்துக்குக் கொடுக்கின்றன, மரம் இலையில் தயாரித்த சர்க்கரையைக் காளானுக்குக் கொடுக்கிறது. அதனால் மரம் தெரிந்தவருக்குக் காளான் கிடைக்கும். பெயரிலேயே அந்த அறிவைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். வழவழப்பான தோல் கொண்ட ஸ்வியெஸ்தா பெக்காவுக்கு மரத்தின் பெயர் இல்லை, ‘வெண்ணெய்ப் பெக்கா’ என்று பொருள். இந்தக் கூட்டத்தின் அரசன் பரவிக்கா, தனிப் பெயரோடு தனி மரியாதையோடு இருக்கிறது.

பெக்குவத் என்பது வினைச்சொல்லா?

ஆமாம், இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பெக்கா என்ற பெயரோடு ஒரு விகுதி சேர்த்தால் போதும், பெக்குவத், பெக்காக்களைத் தேடிப் பறிப்பது. பொதுவாகக் காளான் ஸேனெ, காளான் பறிப்பது ஸேன்யுவத். பெர்ரிப் பழம் உவொகா, அதைப் பறிக்கப் போவது உவொகுவத். கொட்டைக்கு ரியெக்ஸ்த்ஸ், காட்டில் கொட்டை சேகரிப்பது ரியெக்ஸ்துவத். ‘பறி’, ‘பொறுக்கு’ என்று தனியாக இன்னொரு வினை வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வினை கேட்டு வாங்குகிற அளவுக்கு இந்த வேலைகள் அன்றாடமாக இருந்திருக்கின்றன.

‘எய்’ என்பது ‘போ’ என்ற ஏவல். ஆக மொத்தம் இரண்டே சொற்கள், ஒரு முழு வாக்கியம்.

உண்மையிலேயே காளான் பறிக்கக் கூப்பிட இதையே சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பது நல்லது. ‘இயெஸிம் ஸேன்யுவத்’ என்று கூப்பிடுங்கள், ‘காளான் பறிக்கப் போவோம்’ என்று பொருள். பெக்குவத் என்ற சொல்லை நேர்ப்பொருளிலும் பயன்படுத்தலாம், இலக்கணப்படி தவறே இல்லை. ஆனால் ‘எய்’ என்ற ஏவலோடு சேர்ந்து காதில் விழுந்தால் யாருக்கும் முதலில் மரபுத்தொடர்தான் நினைவுக்கு வரும்.

இது கெட்ட வார்த்தையா?

இல்லை. குழந்தைகள் முன்னிலையில் சொல்லலாம். பாட்டிகளே சொல்வார்கள்.

லாத்விய மொழியில் ஒருவரைத் ‘தொலைந்து போ’ என்று அனுப்புவதற்குப் படிப்படியாகச் சில தொடர்கள் உண்டு. கீழ்ப்படியில் இருப்பவை மூன்று. ஒன்று நம்முடைய காளான். இன்னொன்று ‘எய் தில்லேஸ்’, சதகுப்பைச் செடிகளுக்குள்ளே போ என்று பொருள். நாம் கொத்தமல்லித்தழை போடுவதுபோல லாத்வியச் சமையலில் சதகுப்பை இலை எங்கும் இருக்கும், அதனால் அதுவும் வசைக்குள் நுழைந்துவிட்டது. மூன்றாவது ‘எய் இயெஸ்க்ரியெதியெஸ்’, போய் ஓடி வேகம் எடுத்துக்கொண்டு வா என்பது மாதிரி. அடுத்த படியில் ‘எய் ராதா’, இதில் சக்கரம் வருகிறது, கோபம் கொஞ்சம் உண்மையானது. அதற்கும் மேலே ‘எய் பியெ வெல்னா’, பிசாசிடம் போ.

லாத்வியச் சொந்தச் சொற்களைக் கொண்டு திட்டினால் ஏறக்குறைய இவ்வளவுதான் உயரம். இதற்கு மேல் போக வேண்டுமென்றால் பலர் ரஷ்ய மொழிச் சொற்களுக்குத் தாவிவிடுகிறார்கள். தங்கள் தாய்மொழியில் கடுமையாகத் திட்ட முடியவில்லை என்பதை லாத்வியர்களே பெருமையும் குறையும் கலந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பெருமையாகத்தான் படுகிறது. காளானையும் கீரையையும் வைத்தே கோபத்தைத் தீர்த்துக்கொள்ள முடிகிறதே.

யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது?

‘நீ’ போட்டுப் பேசுகிறவர்களிடம் சொல்லலாம். லாத்விய மொழியிலும் நம்மைப்போல ‘நீ’, ‘நீங்கள்’ என்ற பிரிவு உண்டு, ‘து’, ‘யூஸ்’ என்று. ‘எய்’ என்பது நீ ஏவல். ‘எயியெத் பெக்குவத்’ என்றால் நீங்கள் ஏவல், அல்லது பலரைப் பார்த்துச் சொல்வது. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒருவரைக் கிண்டல் செய்யும்போது அவர் ‘எயியெத் பெக்குவத்!’ என்று எல்லோரையும் சேர்த்து அனுப்பிவிடுவார், அது அழகான பயன்பாடு.

ஆனால் ‘நீங்கள்’ வடிவத்தில் சொன்னால் மரியாதை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பேராசிரியரிடமோ மேலாளரிடமோ கடைக்காரரிடமோ ‘எயியெத் பெக்குவத்’ என்றால் ‘நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க’ என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதுதான். வடிவம் பணிவு, செய்தி அவமதிப்பு. தெரியாதவர்களிடம் சொன்னால் இன்னும் மோசம். லாத்வியர்கள் புதியவர்களிடம் அளந்து பேசுகிறவர்கள், அவர்களோடு நெருக்கம் மெதுவாகத்தான் வளரும். ஒருவர் உங்களிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகு நீங்கள் திருப்பிச் சொல்லத் தொடங்கலாம்.

சில உதாரணங்கள் வேண்டும்.

தம்பி மூன்றாவது முறையாக உங்கள் லேப்டாப்பைக் கேட்கிறான். ‘எய் பெக்குவத்!’ என்கிறீர்கள். அவன் உதட்டைச் சுழித்துக்கொண்டு போவான்.

யானிஸ் என்ற நண்பர் உங்கள் உச்சரிப்பைக் கேலி செய்கிறார். ‘யானி, எய் பெக்குவத்!’ கூப்பிடும்போது பெயரின் கடைசி ‘ஸ்’ போய்விடும், அதைக் கவனித்துச் சொன்னாலே அவர் கேலியை நிறுத்திவிடுவார்.

எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றி: ‘லாய் வின்ஷ் இயெத் பெக்குவத்!’ அவன் போய்க் காளான் பறிக்கட்டும், அதாவது அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

நடந்ததைச் சொல்லும்போது: ‘ஆய்ஸ்ஸூதீயு வின்யு பெக்குவத்.’ அவனைக் காளான் பறிக்க அனுப்பிவிட்டேன், அதாவது முகத்துக்கு நேரே மறுத்து அனுப்பிவிட்டேன். வீட்டு வாடகையைத் திடீரென்று ஏற்றச் சொன்னவரையோ, தவறான எண்ணில் அழைத்து ஏதாவது விற்கப் பார்த்தவரையோ பற்றி இப்படிச் சொல்வார்கள். இதில் நேரடிச் சண்டை இல்லாததால் புதிதாகக் கற்பவர் பழகுவதற்கு இந்த வடிவம்தான் பாதுகாப்பானது.

ஏன் காளான்? ஏன் காடு?

ஒருவரை எங்காவது அனுப்ப வேண்டும் என்றால், அவர் போய் நெடுநேரம் திரும்பி வராத இடமாக இருக்க வேண்டும். காளான் பறிக்கப் போனவர் அரை நாளுக்கு வீடு திரும்பமாட்டார். தனியாகப் போவார், குனிந்த தலை நிமிராமல் நடப்பார், யாரோடும் பேசமாட்டார். எரிச்சலூட்டும் ஒருவரை அனுப்ப இதைவிட நல்ல இடம் எது? தொடரின் தர்க்கத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அனுப்புகிற இடம் கெட்ட இடமும் அல்ல. சொல்கிறவரே சனிக்கிழமை விடியற்காலையில் ஆசையாகப் போகிற இடம். அதனால்தான் இந்த வசையில் விஷம் தங்குவதில்லை.

லாத்வியா சுமார் 64,600 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய நாடு, மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. நிலத்தில் பாதிக்கு மேல் காடு. பைன், ஸ்புரூஸ், பிர்ச் மரங்கள்தான் அதிகம். தலைநகர் ரீகாவிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காட்டோர நிலையத்தில் இறங்கிவிடலாம். கிராமங்களிலும் வீடுகள் தெருவாக ஒட்டி இருக்காது. பழைய லாத்விய வாழ்க்கையின் அடிப்படை ‘வியென்ஸேதா’ என்னும் தனிப் பண்ணைவீடு. ஒரு வீடு, அதன் தொழுவம், களஞ்சியம், நீராவிக் குளியலறை, சுற்றிலும் வயல், வயல் முடிகிற இடத்தில் காடு. பல குடும்பங்களுக்கு மிக நெருங்கிய அயலார் காடுதான்.

இந்தக் காடு எல்லாம் ஆதிகாலத்துக் காடு என்று நினைத்துவிடக் கூடாது. 1920களில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காடு இப்போது இருக்கிறது. அந்தக் கூடுதல் காட்டில் ஒரு பகுதி, ஆட்கள் போய்விட்ட வயல்களில் முளைத்தது. 1940இல் சோவியத் ஒன்றியம் நாட்டைப் பிடித்தது. 1941 ஜூன் 14 அன்று 15,000க்கும் மேற்பட்டவர்களையும், 1949 மார்ச் 25 முதல் சில நாட்களில் 42,000க்கும் மேற்பட்டவர்களையும் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றிச் சைபீரியா முதலிய தொலைவிடங்களுக்கு அனுப்பினார்கள். 1949இல் போனவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயக் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஏராளம். மிஞ்சியவர்களின் நிலம் கூட்டுப்பண்ணைக்குள் போயிற்று. எட்டக் கிடந்த தனிப் பண்ணைவீடுகள் பாழாயின. இன்றைக்குக் காளான் தேடிக் காட்டுக்குள் நடக்கும்போது நடுக்காட்டில் ஓர் ஆப்பிள் மரமோ லைலாக் புதரோ தென்பட்டால், அது ஒரு வீட்டு முற்றமாக இருந்த இடம். உடன் வரும் லாத்வியர் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்வார்.

அதே காட்டுக்குள்தான் போருக்குப் பின் ‘மெஷப்ராலி’ என்னும் காட்டுச் சகோதரர்கள், சோவியத் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவினர், 1950களின் நடுப்பகுதி வரை ஒளிந்திருந்தார்கள். காடு உணவு தந்தது, ஒளிய இடம் தந்தது, ஊர் அழிந்த இடத்தை மூடியும் கொண்டது. ‘காட்டுக்குப் போ’ என்பது இந்த மண்ணில் லேசான தொடராக மட்டும் இருந்ததில்லை. ‘போய்க் காளான் பறி’ லேசானதாகவே நீடிப்பதை நான் நல்ல விஷயமாகப் பார்க்கிறேன்.

நாட்டுப்பாடல்களிலும் காடு வருமா?

நிறைய. லாத்வியர்களின் செல்வம் ‘தைனா’ என்னும் குறும்பாடல்கள், பெரும்பாலும் நான்கு அடிகள். கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் (1835–1923) தாம் வாழ்நாளெல்லாம் வகைப்படுத்திய பாடல்களை 1894 முதல் 1915 வரை ஆறு தொகுதிகளாக வெளிக்கொண்டு வந்தார். 2,17,996 பாடல்கள். சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதிய பாடல்களை அடுக்குவதற்காக 1880இல் அவர் ஓர் இழுப்பறை அலமாரி செய்ய வைத்தார். அது 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. இப்போது ரீகாவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

தைனாக்களில் இயற்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாய் உண்டு. காட்டுக்கு ‘மெஷா மாதெ’, காட்டுத்தாய். காற்றுக்கும் கடலுக்கும் பூமிக்கும் அப்படியே. அம்மன் வழிபாட்டோடு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனி விளக்கம் தேவைப்படாது.

பக்கத்து நாடுகளிலும் இப்படிச் சொல்வார்களா?

எஸ்தோனியர்கள் ‘மினெ மெத்ஸா’ என்பார்கள், காட்டுக்குப் போ, அதே பொருள். அவர்கள் மொழி வேறு குடும்பம், ஃபின்னிய மொழிக்கு உறவு. லிதுவேனிய மொழி லாத்விய மொழியின் உடன்பிறப்பு, பால்டிக் கிளையில் இன்று உயிரோடிருப்பவை இவை இரண்டுமே. லிதுவேனிய மொழியில் ‘நுகிரீபவ்தி’ என்று ஒரு வினை உண்டு, காளான் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. காளான் தேடுகிறவர் பாதையை விட்டு எங்கோ போய்விடுவதுபோல, பேசிக்கொண்டிருந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுவது. கூட்டங்களில் மிகவும் தேவைப்படும் சொல், நம்மிடமும் ஒன்று இருந்திருக்கலாம்.

என்னிடம் யாராவது சொன்னால் கோபப்படலாமா?

குரலைப் பாருங்கள். சிரிப்போடு வந்தால் உங்களைத் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வெளிநாட்டவரிடம் லாத்வியர் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர் தன் மொழியில், அதுவும் மரபுத்தொடரில் உங்களை விரட்டினால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். குரல் தட்டையாக, முகம் திரும்பியபடி வந்தால் அவர் உண்மையிலேயே தனியாக இருக்க விரும்புகிறார். விட்டுவிடுங்கள்.

பதில் சொல்ல வேண்டும் என்றால் ‘குர்?’ என்று கேளுங்கள். ‘எங்கே?’ என்று பொருள். நல்ல காளான் கிடைக்கும் இடத்தை லாத்வியர் யாருக்கும் சொல்லமாட்டார், சொந்தத் தங்கைக்கே சொல்லாதவர்கள் உண்டு. அதனால் இந்தக் கேள்விக்குச் சிரிப்பு நிச்சயம்.

சரி, நிஜமாகவே காளான் பறிக்கப் போகலாமா? அனுமதி வேண்டுமா?

தாராளமாகப் போகலாம். நாட்டின் காடுகளில் ஏறக்குறைய பாதி அரசுடையது. 2000ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அரசுக் காட்டுக்குள் யாரும் நடக்கலாம், காளானும் பெர்ரியும் பறித்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. தனியார் காட்டில் உரிமையாளர் தடுக்கலாம், ‘தனியார் நிலம்’ என்று பலகை இருந்தால் நுழையாதீர்கள். இயற்கைக் காப்பகங்களில் தனி விதிகள் உண்டு.

ஜூலையில் கைலெனெ வரத் தொடங்கும். மஞ்சள் நிறக் காளான், பெயர் சேவலிலிருந்து வந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் பரவிக்காவும் பெக்காக்களும். செப்டம்பர் மழைக்குப் பின் வரும் வார இறுதிகளில் காட்டோரச் சாலைகளில் கார்கள் வரிசையாக நிற்கும். உறைபனி விழத் தொடங்கினால் பருவம் முடிவுக்கு வரும். கூடை எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் காளான் வெந்து கெட்டுவிடும். சிறு கத்தி, ரப்பர் பூட்ஸ், நீண்ட கை வைத்த சட்டை வேண்டும். உண்ணிகள் பெரிய தொல்லை. லைம் நோயையும் உண்ணி மூளையழற்சியையும் பரப்பும். இரண்டாவதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அங்கேயே தங்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்வது நல்லது. வீடு வந்ததும் உடம்பு முழுக்கப் பார்த்துவிடுங்கள்.

விஷக் காளானை எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, இதில் நான் மிகவும் கண்டிப்பு. தெரிந்த ஒருவரோடு போங்கள், அவர் தலையசைக்காத எதையும் கூடையில் போடாதீர்கள்.

மிக ஆபத்தானது ‘ஸல்யா முஷ்மிரெ’, பச்சை முஷ்மிரெ, ஆங்கிலத்தில் ‘டெத் கேப்’ எனப்படும் கொடிய விஷக் காளான். பார்க்க அமைதியாக, இளம்பச்சைத் தலையோடு இருக்கும். பச்சை நிறத்தில் உண்ணக்கூடிய ‘பேர்ஸ்லபெ’ ஒன்றும் உண்டு, குழப்பம் அங்கேதான். முஷ்மிரெயின் காம்பில் ஒரு வளையமும் அடியில் உறைபோன்ற பையும் இருக்கும். தரைமட்டத்தில் வெட்டி எடுத்தால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும், அதனால் சந்தேகமான காளானை முழுதாகத் தோண்டிப் பார்க்க வேண்டும். வேகவைத்தாலும் வறுத்தாலும் இதன் நஞ்சு போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில நேரம் ஒரு நாள் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. அது அடங்கி ஆள் தேறியது போலிருக்கும்போதே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். காளான் சாப்பிட்ட பின் வயிற்றுக் கோளாறு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், மிச்சக் காளானையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

கற்றுக்கொள்ள நல்ல வழி ஒன்று இருக்கிறது. ரீகாவில் பரோன்ஸ் பெயரிலான தெருவில் உள்ள இயற்கை அருங்காட்சியகம் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் காளான் கண்காட்சி நடத்துகிறது. புதிதாகப் பறித்த நூற்றுக்கணக்கான வகைகளைப் பெயரோடு வைத்திருப்பார்கள்.

பெக்கா கூட்டத்தில் விஷம் இல்லை என்கிறார்களே?

உயிரைப் பறிக்கும் முஷ்மிரெ அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது உண்மை. அதனால்தான் புதியவர்களை முதலில் பெக்காவில் தொடங்கச் சொல்வார்கள். ஆனால் அதிலும் கசப்பானவையும் வயிற்றைக் கெடுப்பவையும் உண்டு. விதிவிலக்கு இல்லாத விதி காட்டில் கிடையாது.

வழி தவறினால்?

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் லாத்வியக் காவல்துறை காளான் பறிக்கப் போய் வழி தவறியவர்களைத் தேடி அலைகிறது. காட்டைக் கரைத்துக் குடித்த முதியவர்களும் அதில் உண்டு. கண் தரையிலேயே இருப்பதால் திசை போய்விடுகிறது. போனில் முழு சார்ஜ் இருக்கட்டும், பளிச்சென்ற நிறத்தில் உடை போடுங்கள், எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வழி தெரியவில்லை என்றால் இருட்டும் வரை அலையாமல் 112க்கு அழையுங்கள்.

காட்டுக்குப் போகாமல் ருசி பார்க்க முடியுமா?

ரீகா மத்தியச் சந்தைக்குப் போங்கள். ஆகாயக் கப்பல்களுக்காகக் கட்டிய கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு வந்து எழுப்பிய பெரிய மண்டபங்கள், 1930இல் திறக்கப்பட்டவை. பருவத்தில் கைலெனெ குவியல் குவியலாக இருக்கும். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, கைலெனெயைப் போட்டுத் தண்ணீர் வற்றும் வரை விட்டு, புளித்த பாலாடையும் நறுக்கிய சதகுப்பை இலையும் சேர்த்து, வேகவைத்த புது உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். மிளகாய் சேர்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். முதல் தடவை சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

பரவிக்காவை நறுக்கி நூலில் கோத்து உலர்த்தி வைத்துக் குளிர்காலத்தில் பார்லி சூப்பில் போடுவார்கள். காரமான பால் வடியும் வகைகளை ஊறவைத்து அல்லது வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்பில் போடுவார்கள். லாத்வியர் வீட்டுக்குப் போனபோது உங்கள் முன்னால் வீட்டுக் காளான் ஜாடியைத் திறந்தால், அது கடையில் வாங்கித் தருகிற எதையும்விடப் பெரிய உபசாரம்.

அடுத்து எந்த மரபுத்தொடர்களைக் கற்கலாம்?

‘பூஸ்த் பீலீதெஸ்’, வாத்துக்குஞ்சுகளை ஊதுவது, அதாவது கதை அளப்பது. ‘மெஸ்த் ப்ளிந்தி க்ரூமுவஸ்’, துப்பாக்கியைப் புதருக்குள் எறிவது, பாதியில் கைவிட்டுவிடுவது. தூண்டிலோடு போகிறவரைப் பார்த்தால் ‘நெ அஸக்காஸ்!’ என்று வாழ்த்துவார்கள், ஒரு முள்கூடக் கிடைக்காமல் போகட்டும் என்று. நல்லதை நேராக வாழ்த்தினால் கண் பட்டுவிடும் என்ற எண்ணம்.

எளிதில் மனத்தில் நிற்பது ‘கா ஸேனெஸ் பேத்ஸ் லியெதுஸ்’. மழைக்குப் பின் முளைக்கும் காளான்களைப்போல. நாமும் அதையே சொல்கிறோம், அதனால் ஒலியை மட்டும் பழகினால் போதும்.